எவர் முன்னிலையில் எவ்வளவு துணி

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுக்கடைகள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. முகூர்த்த நாள் நெருங்கினால் நடக்க இடம் இருக்காது. அங்கிருந்து சில கிலோமீட்டர் போய் வேகவதியைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். சமண காஞ்சி என்று பேர்பெற்ற அந்தச் சிற்றூரின் திரைலோக்கியநாதர் கோயிலில் இருக்கும் வர்த்தமானருக்கு உடம்பில் ஒரு நூலிழைகூடக் கிடையாது. உடம்பை மூடும் துணிக்கு நாடெங்கும் பேர்வாங்கிய ஊரின் விளிம்பிலேயே, துணியைத் துறந்தவரைக் கும்பிடும் ஒரு பழைய சமூகம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று உறுத்தியதாகத் தெரியவில்லை.

உடம்பின் மறைவு, நிர்வாணம், கூச்சம் பற்றிய பேச்சு வந்தால் நம்மிடையே இரண்டு கட்சிகள் உடனே எழுந்துவிடும். மூடிக்கொள்வதுதான் நம் பண்பாடு, திறந்துபோடுவது மேற்கு என்பது ஒரு கட்சி. கோயில் சிற்பங்களைப் பாருங்கள், நம் முன்னோர் கூச்சமற்றவர்கள், கூச்சமெல்லாம் வெள்ளைக்காரப் பாதிரிகள் கொண்டுவந்த சரக்கு என்பது மறு கட்சி. காஞ்சிபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள தமிழ் உலகத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இரண்டுமே தேறாது. இங்கே எவ்வளவு தோல் வெளியே தெரிகிறது என்பது ஒருகாலும் முதல் கேள்வியாக இருந்ததில்லை. யார் முன்னால் என்பதே முதல் கேள்வி.

சிற்பத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்களிடமிருந்து தொடங்கலாம். இராசசிம்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் இன்று நாம் பார்ப்பது தேய்ந்த மணற்கல். அதன் மேல் ஒருகாலத்தில் சுதையும் வண்ணமும் இருந்தன. 1931இல் ஆய்வாளர் ஜூவோ துப்ரேய் அங்கே பல்லவர் ஓவியங்களின் மிச்சத்தைக் கண்டெடுத்தார். வண்ணம் பூசிய காலத்தில் அந்தத் தேவியரின் தொடையில் என்ன நிறத்தில் என்ன துகில் ஓடியது என்பதைக் கல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உற்றுப் பார்த்தால் பல உருவங்களில் கணுக்காலுக்கு மேலே மெல்லிய கோடாக ஆடையின் விளிம்பு தெரியும். நிர்வாணம் போலத் தோன்றுவதில் பாதி, நிறம் போன கல். மீதிப் பாதி சிற்ப மரபு. அதை வைத்துத் தெருவில் நடந்த பெண்ணின் உடையை முடிவுசெய்வது, இன்றைய விளம்பரப் பலகையை வைத்துப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பத்தின் உடையை எதிர்காலத்தவர் முடிவுசெய்வது போன்றது.

ஆனால் கல்லில் ஒரு நிர்வாணம் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. அது பிச்சாடனர். தாருகாவனத்து முனிவர்களின் செருக்கை அடக்கச் சிவன் ஆடையற்ற பிச்சைக்காரனாகப் போன கதை. இடுப்பில் பாம்பு, பக்கத்தில் துள்ளும் மான், காலில் பாதுகை. முனிபத்தினிகள் தன்னிலை மறக்கிறார்கள், முனிவர்கள் ஆத்திரப்படுகிறார்கள். கதையின் தளம் கவனிக்கத்தக்கது. ஒரே உடம்புதான். பார்ப்பவரைப் பொறுத்து ஒருத்திக்கு மயக்கம், ஒருவனுக்கு அவமானம், பக்தனுக்குத் தரிசனம். அதே தமிழ்ச் சைவம்தான் சமண முனிவரின் நிர்வாணத்தைச் சகிக்கவில்லை. சம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாட்டைப் பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் சாடவே ஒதுக்கினார். தலைமயிர் பறிப்பதும் நின்று உண்பதும் ஆடையின்றித் திரிவதும் அந்தச் சாடலில் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் கடவுள் துணியில்லாமல் வந்தால் திருவிளையாடல், அடுத்தவன் துறவி வந்தால் வெட்கக்கேடு. இதை முரண்பாடு என்று சொல்லிச் சிரிப்பது எளிது. உலகம் முழுக்க நிர்வாணம் இப்படித்தான் அளக்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

சமணர் பக்கம் அது வெறும் விரதமாக இல்லை, ஆழ்ந்த வாதமாக இருந்தது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பள்ளன்கோயில் செப்பேடு பருத்திக்குன்றத்துச் சமண முனிவர் வச்சிரநந்திக்குப் பல்லவன் சிம்மவர்மன் அளித்த கொடையைப் பேசுகிறது. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சி நாட்டில் நிர்கிரந்தர்கள், அதாவது திகம்பரர்கள், நிறைய இருந்ததாக எழுதினார். ஆடை என்பது உடைமை, உடைமை என்பது பற்று, கூச்சம் என்பது உடம்பைத் ‘தான்’ என்று நினைப்பதன் மிச்சம் என்பது அவர்கள் வாதம். துணியை விடுபவன் கூச்சத்தையும் விட்டிருக்க வேண்டும். பார்ப்பவர் கூச்சப்பட்டால் அது பார்ப்பவர் பாடு. இந்த வாதத்துக்குக் கறாரான ஒரு விளைவும் இருந்தது. பெண் துறவி ஆடையை விட முடியாது, ஆகவே பெண்பிறவியில் வீடுபேறு இல்லை என்று திகம்பரர் வாதிட்டனர். சமணரின் மறு பிரிவான சுவேதாம்பரர் ஒப்பவில்லை, 19ஆம் தீர்த்தங்கரர் மல்லி ஒரு பெண் என்பது அவர்கள் மரபு. துணியைத் துறக்கும் உரிமைகூட ஆணுக்கு மட்டும் என்று போய்முடிந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழகத்துச் சமணர்கள் திகம்பரப் பிரிவினர். ஆனால் அவர்களின் மேல்சித்தாமூர் மடத்து அடிகளார் காவி உடுத்தவர். நிர்வாண முனிவர் வடக்கிலிருந்து நடந்தே வரும்போது ஊர் சூழ்ந்துகொண்டு கும்பிடுகிறது. சட்டமும் கண்டுகொள்வதில்லை. 2016 ஆகஸ்ட் 26 அன்று தருண் சாகர் என்ற திகம்பர முனிவர் அரியானா சட்டமன்றத்தில் ஆடையின்றி அமர்ந்து உரையாற்றினார். அதே நாளில் பாரீசில் பிரெஞ்சு நிர்வாக உச்ச நீதிமன்றம் புர்கினி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கடற்கரையில் முஸ்லிம் பெண்கள் உடல் முழுவதும் மூடி நீந்தக்கூடாது என்று ஒரு சிற்றூர் நிர்வாகம் போட்ட தடையை அது நிறுத்திவைத்தது. ஒரு நாட்டில் சட்டமன்றத்தில் துணியில்லாமல் இருப்பது மரியாதைக்குரியது. இன்னொரு நாட்டில் கடற்கரையில் துணியோடு இருப்பது குற்றமாகப் பார்க்கப்பட்டது. நிர்வாண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது பிரான்சுக்கும் பொருந்தும்.

பெண்துறவிக்குத் தமிழில் கிடைத்த வழி வேறு. காரைக்கால் அம்மையார் தன் உடம்பின் அழகைச் சிவனிடம் திருப்பிக் கொடுத்து, பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டார். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் திருவாலங்காட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த உருவம் செப்புத் திருமேனிகளில் வற்றிய மார்பும் எலும்பும் தெரிய உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் அது கூச்சம் தருவதில்லை. பெண்ணின் உடம்பு கண்ணை ஈர்ப்பதை நிறுத்திய பிறகே திறந்திருக்க அனுமதி என்பது அதற்குள் இருக்கும் நிபந்தனை.

கோயிலுக்குள் வருவோம். திருமஞ்சனம் பார்த்தவர்களுக்குத் தெரியும். உற்சவருக்குப் பாலும் இளநீரும் மஞ்சளும் ஊற்றும்போது ஊரே உட்கார்ந்து பார்க்கும். இடுப்பில் ஒரு சிறு வேட்டி, தாயாருக்கு ஒரு பாவாடை, அது நனைந்து ஒட்டிக் கிடக்கும். குளியல் முடிந்ததும் திரை விழும். அலங்காரம் திரைக்குப் பின்னால்தான். இத்தனைக்கும் செப்புத் திருமேனியிலேயே ஆடையும் அணியும் வார்த்திருக்கும். ஊர்க்குளத்திலும் இதே இலக்கணம்தான். பெண்கள் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் குளிப்பார்கள். ஆண்கள் கோவணத்தோடும் துண்டோடும். நனைந்த துணி எதையும் மறைக்கவில்லை என்று வாதம் செய்யலாம். அது மறைக்க வேண்டியதும் இல்லை. ஒரு துணி இருக்கிறது என்பது போதும். மாற்றுத்துணி கட்டும் அந்த ஒரு கணத்துக்குத்தான் திரையோ புதரோ தோழியின் முதுகோ தேவை.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த அத்திவரதர் வைபவத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப்பேர் காஞ்சிக்கு வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். 40 ஆண்டுகள் அனந்தசரஸ் குளத்துக்குள் நீருக்கு அடியில் இருந்த அத்திமரத் திருமேனி, வெளியே இருந்த 48 நாளும் நாளுக்கொரு பட்டு உடுத்தியது. நீருக்குள் இருக்கையில் அது பெருமாளுக்கும் நீருக்கும் இடையில் உள்ள சங்கதி. ஊர் பார்க்க வெளியே வந்தவுடன் பட்டு. ஏகாம்பரநாதரிடமோ கதை இன்னும் நெருக்கம். மணலில் பிடித்த லிங்கம் வெள்ளத்தில் கரைந்துவிடாமல் அம்மை கட்டித் தழுவ, வளையின் தழும்பும் மார்பின் சுவடும் அதில் பதிந்தன என்பது தலபுராணம். தழுவக்குழைந்தார் என்பது இறைவன் பெயர். அதே குடும்பங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் முத்தக்காட்சி வந்தால் சேனலை மாற்றும். இதைப் போலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று சாமிக்கு முன்னால் கேட்பது, இன்னொன்று மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

இனித் தறிக்கு வருவோம். குழித்தறியில் இடுப்புக்குக் கீழே குழிக்குள், மேலே வெற்றுடம்பு. சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டுக்குள் கோர்வை போடுகிறவருக்குச் சட்டை தொல்லை. கரைக்கும் உடலுக்கும் மூன்று நாடா ஓட, பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார, வீடே பட்டறை. தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்தாலும் அவர் அசையமாட்டார். ஆனால் மாஸ்டர் வீவரோ வெளியூர்க்காரரோ வந்தால் ஆணியில் தொங்கும் துண்டு தோளுக்கு ஏறும். கோயிலில் அதே துண்டு இடுப்புக்கு இறங்கும். துண்டு தோளில் இருந்தால் மனிதன், இடுப்பில் இருந்தால் பணிவு, கையில் மடித்துப் பிடித்தால் கெஞ்சல். மார்பு அதே மார்புதான்.

இந்த வரிசையைப் பணிவின் அழகு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது பாதி உண்மை. அதே துண்டும் அதே ரவிக்கையும் சாதியின் கையில் சாட்டையாக இருந்தன. திருவிதாங்கூரில் மேல்சாதியார் முன்னால் மார்பைத் திறந்து நிற்பது மரியாதை என்று விதி. நாயர் பெண் நம்பூதிரி முன்னாலும், நாடார் பெண் எல்லார் முன்னாலும். கிறித்தவரான நாடார் பெண்கள் மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த குப்பாயம் அணியத் தொடங்கினார்கள். அதோடு நிற்காமல் நாயர் பெண்களைப் போலத் தோள்சீலையும் போட்டார்கள். 1829இல் அரசு அதைத் தடுத்து ஆணையிட்டது. 1858, 59இல் கலவரம்; சந்தைகளில் பெண்களின் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள், வீடுகள் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலில் 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தது. மார்பை மூடலாம், மேல்சாதிப் பெண்கள் மூடும் விதத்தில் மட்டும் கூடாது. அந்த ‘மட்டும்’தான் முழு விஷயமும். அரசின் கவலை தோல் பற்றியதே அல்ல.

கூச்சம் பாதிரி சொல்லிக்கொடுத்தது என்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல். பாதிரி கொடுத்த குப்பாயத்தை வைத்துக்கொண்டு, பாதிரி கொடுக்காத தோள்சீலைக்காக அந்தப் பெண்கள் அடிபட்டார்கள். அவர்கள் கேட்டது கூச்சத்துக்குத் துணி அல்ல, பிறரோடு ஒரே மாதிரி நிற்கும் உரிமை. இது திருவிதாங்கூரோடு போகவும் இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த எட்டுத் தடைகளில் உடைதான் முக்கியம். ஆண்களின் துணி இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக்கூடாது, சட்டையோ பனியனோ கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி அதைப் பதிந்துவைத்தார். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் காந்தி சட்டையும் தொப்பியும் களைந்து அரைவேட்டிக்கு மாறியிருந்தார். இரண்டு வெற்றுடம்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தானே கழற்றியவன் மகாத்மா, கழற்றவைக்கப்பட்டவன் அடிமை.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் கோயிலில் சட்டை கழற்றும் வழக்கத்தைப் பற்றிய சண்டை விளங்கும். திருச்செந்தூரிலும் சுசீந்திரத்திலும் யாழ்ப்பாணம் நல்லூரிலும் ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே போகிறார்கள். பலருக்கு அது இறைவன் முன்னால் வேறுபாடு கரைவது. மந்திரியும் சுமைதூக்குபவரும் ஒரே மார்போடு நிற்பார்கள். ஆனால் 2024 டிசம்பர் 31 அன்று சிவகிரி மடத்துச் சுவாமி சச்சிதானந்தா, பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் இது, நிறுத்தலாம் என்றார். அப்போதைய கேரள முதல்வர் பினராயி விஜயன் ஆதரித்தார். நாயர் சங்கம் எதிர்த்தது. இரண்டு தரப்பும் தம்தம் நினைவைச் சொல்கின்றன. தமிழ்நாட்டிலோ நேர் எதிர்த்திசைக் கவலை. 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயிலுக்கு வருவோர் உடையை வகுத்து ஆணையிட்டது; 2016 ஜனவரி 1 முதல் வேட்டி, சேலை, தாவணி, சுடிதார் என்று பட்டியல். அதே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. கோயிலில் ஆணுக்கு மூடு என்றும் சொல்லலாம், கழற்று என்றும் சொல்லலாம். பெண்ணுக்கு இன்று மூடு என்பது ஒன்றுதான்.

பெண்ணுக்கும் அது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ரவிக்கை இல்லாமல் சேலையைச் சுற்றிக்கொண்டே வாழ்ந்து முடித்த பாட்டிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. 1979இல் வந்த ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’ படத்தின் கதையே ரவிக்கை போடாத ஒரு ஊருக்குள் ரவிக்கை போட்ட பெண் வருவதுதான். அங்கே மூடியவள்தான் ஊர்வாய்க்குத் தீனி. அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டு கழித்து நைட்டிக்கு வந்தது வழக்கு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் அந்த உடை, இடுப்பு தெரியும் சேலையைவிட எவ்வளவோ அடக்கம். ஆனாலும் 2018இல் ஆந்திராவின் தோகலப்பள்ளி ஊர்ப்பெரியவர்கள் பகலில் நைட்டி அணிந்தால் 2000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். நம் பெண்கள் அபராதம் இல்லாமலே ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள். வாசலுக்கு வரும்போது நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. அந்தத் துண்டு எதையும் கூடுதலாக மறைப்பதில்லை. நான் இப்போது வீட்டுக்குள் இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

உலகில் மற்றவர்கள் இதே கணக்கை வேறு விடையோடு போட்டிருக்கிறார்கள். பின்லாந்தில் குடும்பமே சவுனாவில் ஆடையின்றி உட்காரும். உற்றுப் பார்ப்பதுதான் அங்கே அநாகரிகம். ஜப்பானியர் பொதுக் குளியலில் நீந்தும் உடையோடு இறங்குபவரை அழுக்கர் என்று நினைப்பார்கள். அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பதை 19ஆம் நூற்றாண்டில் அரசே தடைசெய்தது. 1872இல் டோக்கியோவில் தெருவில் வெற்றுடம்போடு திரிவதும் குற்றமானது. காரணம், வந்திறங்கிய மேலைநாட்டார் கண். நம் பையன்கள் வெளிநாட்டில் படிக்கப்போன இடத்தில் திறந்த குளியலறையில் சக மாணவர்கள் துணியில்லாமல் நிற்பதைப் பார்த்து வெலவெலத்துப்போவார்கள். இவர்கள் ஜட்டியோடு குளிப்பதைப் பார்த்து அவர்கள் வியப்பார்கள். ஆண்கள் மட்டும் இருக்கும் இடத்திலும் நமக்குக் கோவணம் வேண்டும். அவர்களுக்கோ ஆண்கள் மட்டும் என்பதே கோவணம்.

நம் சட்டம் இந்தச் சிக்கலை ஓரளவு புரிந்துவைத்திருக்கிறது. ஆபாசத்தைத் தண்டித்த பழைய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, பழைய சின்னங்களிலும் கோயில்களிலும், சாமி ஊர்வலம் போகும் தேரிலும் உள்ள சிற்பங்களுக்கு விலக்கு அளித்தது. தேரைத் தனியாக எடுத்துச் சொன்னவர் அதன் அடித்தட்டைச் சுற்றிவந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். புதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விலக்கு தொடர்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம், நிர்வாணம் என்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று கோயில் சிற்பங்களையும் சுட்டிச் சொன்னது.

சட்டம் திணறும் இடம் படித்துறை. மறைந்திருந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் 2013 முதல் தனிக்குற்றமாக்கியிருக்கிறார்கள். ஆனால் மறைவை எதிர்பார்க்கத்தக்க இடம் என்று அந்தப் பிரிவு சொல்லும்போது, கதவும் சுவரும் உள்ள இடமே மனதில் தோன்றுகிறது. நம் குளக்கரையில் கதவு கிடையாது. அங்கே மறைவைக் காத்தது, பெண்கள் துறைப்பக்கம் வரும் ஆண் ஒரு முறை இருமுவதும், தலையைக் குனிந்து போவதும், பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பதும். கையில் செல்போன் உள்ளவன் இருமுவதில்லை. அவன் எடுத்தது யார் முன்னால் போகும் என்பதற்கும் கணக்கில்லை. 2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் நீராடிய பெண்களின் படங்களை இணையத்தில் விற்ற கணக்குகள் மீது உத்தரப் பிரதேசக் காவல்துறை வழக்குப் பதிந்தது. லட்சம்பேர் நடுவில் குளித்த ஒரு பெண் தன் மறைவு மீறப்பட்டதாகச் சொன்னால் அவள் சொல்வது என்ன என்று நம் பாட்டிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தில்தான் அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.